தார்ப் பீப்பாயிலிருந்து பிறந்த தகவல் உரிமை

உலகில் முதன்முதலாக அரசுக் கோப்புகளைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்ட சட்டம் எந்த நாட்டில் இயற்றப்பட்டது? சில ஆண்டுகளுக்கு முன், தகவல் அறியும் உரிமை குறித்த ஒரு கூட்டத்தில் பேசியபோது அவையோரிடம் இக்கேள்வியைக் கேட்டேன். அமெரிக்கா என்றார் ஒருவர். இங்கிலாந்து என்றார் மற்றொருவர். ஸ்வீடன் என்று யாரும் சொல்லவில்லை. அந்நாட்டில் இச்சட்டம் வெளிவந்தது 1766 டிசம்பர் 2-ஆம் தேதி. அமெரிக்காவில் இத்தகைய சட்டம் வந்தது சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1966-இல்தான்.

அச்சட்டத்தின் முதன்மைச் சிற்பி ஒரு தத்துவப் பேராசிரியரோ, பெருநகர வழக்குரைஞரோ அல்லர். தலைநகரிலிருந்து வெகு தொலைவில், கடலுக்கு அப்பால், ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் பணியாற்றிய பாதிரியார். பெயர் ஆண்டர்ஸ் கிடேனியஸ். சட்டம் வெளிவந்தபோது அவருக்கு வயது 37. ஆனால், அந்த நாளில் அவர் நாடாளுமன்றத்தில் இல்லை. தாம் எழுதி வெளியிட்ட ஒரு நூலுக்காகச் சில மாதங்களுக்கு முன்பே அவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். எழுத்துரிமைக்குச் சட்டம் வரைந்தவர் எழுதியதற்காகவே வெளியேற்றப்பட்டார் என்கிற இந்த முரண்தான் அவரது வாழ்க்கையை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று.

கிடேனியஸ் 1729 பிப்ரவரி 26-இல் சொட்காமோ என்ற ஊரில் பிறந்தார். அது இன்றைய பின்லாந்தில் இருக்கிறது. அன்று பின்லாந்து என்று தனி நாடு இல்லை. அது ஸ்வீடன் அரசின் கிழக்குப் பகுதி. தந்தை லூத்தரன் திருச்சபையின் குரு. குடும்பம் பின்னர் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய கூசாமோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. நீண்ட பனிக்காலமும், குறுகிய வேளாண் பருவமும், வறுமையும் கொண்ட மண் அது. பஞ்சம் என்பதைப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய தேவை அச்சிறுவனுக்கு இருக்கவில்லை.

துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்திலும் உப்சாலாவிலும் அவர் பயின்றார். துர்க்குவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பேர் கால்ம். தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவரான கால்ம், வட அமெரிக்காவில் சுற்றித் திரிந்து அங்குள்ள செடிகொடிகளையும் மக்களின் வாழ்க்கை முறைகளையும் குறித்துக்கொண்டு வந்தவர். அவர் வழிகாட்டுதலில் கிடேனியஸ் எழுதிய ஆய்வேட்டின் பொருள், அமெரிக்கப் பழங்குடிகள் மரப்பட்டையால் செய்யும் படகுகள். எளிய மக்களின் தொழில் நுணுக்கமும் ஆராயத் தக்கதே என்ற பார்வை அவரிடம் அப்போதே இருந்தது.

1753-இல் நேடர்வேட்டில் என்ற சிற்றூரின் தேவாலயத்துக்குக் குருவாக அனுப்பப்பட்டார். அடுத்த 17 ஆண்டுகள் அதுவே அவரது பணியிடம். ஞாயிறு தோறும் மறையுரை ஆற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை. சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கினார். உருளைக்கிழங்கு பயிரிட்டுக் காட்டினார். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தினார். கண்புரைக்கு அறுவை செய்தார். மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊரில் பாதிரியாரே மருத்துவர். மக்களின் உடம்பையும் வயலையும் வீட்டுக் கணக்கையும் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஒருவர், ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. இவ்வளவு உழைத்தும் இவர்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்?

விடை ஒரு தார்ப் பீப்பாயில் இருந்தது. அந்த வட்டாரத்தின் பெருந்தொழில் தார் வடிப்பது. பைன் மரத்தின் பட்டையை ஆண்டுக்கணக்கில் சீவிவிட்டுப் பிசின் ஊறச் செய்வார்கள்; பிறகு வெட்டி, மண் மூடிய குழியில் நாள்கணக்கில் புகையவிட்டுத் தாரை வடிப்பார்கள். மரக்கலங்களின் பலகைகளிலும் கயிறுகளிலும் பூச அதுவே வேண்டும். ஐரோப்பாவின் கடற்படைகளெல்லாம் அதை விரும்பி வாங்கின. ஆனால், வடித்தவன் அயல்நாட்டானுக்கு அதை நேரடியாக விற்க முடியாது. பொத்னியா வளைகுடாவின் வடபகுதி நகரங்கள் வெளிநாட்டுடன் வணிகம் செய்யக் கூடாது என்பது சட்டம். சரக்கு ஸ்டாக்ஹோம் வழியாகவே போக வேண்டும். அங்குள்ள பெருவணிகர்கள் வைத்ததே விலை. வெளிநாட்டிலிருந்து வரும் உப்பும் அவர்கள் கைவழியாகவே வந்தது. அதற்கும் அவர்கள் சொன்னதே விலை.

உழவன் விற்கும்போதும் இழந்தான், வாங்கும்போதும் இழந்தான். இதை விதி என்றே ஊர் எண்ணியிருந்தது. விதியன்று, இது மனிதர் எழுதிய சட்டம் என்று கிடேனியஸ் சொன்னார். 1763-இல் கொக்கோலா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் வடபகுதி நகரங்களின் கடல் வணிக உரிமைக்காக அவர் பேசினார். அந்தப் பேச்சு அவரை ஊரறிந்தவராக்கியது. 1765-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடாளுமன்றத்துக்கு அவ்வட்டாரத்துக் குருமாரின் பிரதிநிதியாக அவர் அனுப்பப்பட்டார்.

அன்றைய ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். அது நான்கு அவைகளைக் கொண்டது: பிரபுக்கள், குருமார், நகர வணிகர், உழவர். 1719 முதல் அரசரின் கை தாழ்ந்து, இந்த அவைகளின் கை ஓங்கியிருந்தது. இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று தொப்பிக் கட்சி. மற்றொன்று குல்லாய்க் கட்சி. நெடுங்காலம் ஆண்ட தொப்பிக் கட்சி, சலுகை பெற்ற ஆலைகளுக்கு மானியத்தை வாரி வழங்கியது. செலவுக்குப் பணத்தாளை அச்சடித்தது. பணத்தின் மதிப்பு சரிந்தது. 1765-இல் குல்லாய்க் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. கிடேனியஸ் அக்கட்சியின் பக்கம் நின்றார்.

தலைநகருக்கு வந்த அந்த ஓராண்டிலேயே அவரது நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. நாட்டு மக்கள் ஏன் கூட்டம் கூட்டமாக வெளிநாடு செல்கிறார்கள் என்ற கேள்விக்கு, இங்கே உழைக்கவும் பிழைக்கவும் சுதந்திரம் இல்லாததே காரணம் என்று விடை எழுதினார். அயல்நாட்டுக் கப்பல்கள் தத்தம் நாட்டுச் சரக்கைத் தவிர வேறெதையும் கொண்டுவரக் கூடாது என்று 1724-இல் போடப்பட்ட ஆணையை எடுத்துக்கொண்டு, அதனால் கப்பல்கள் குறைந்து உப்பு விலை ஏறியதைக் காட்டினார். நாட்டின் பலவீனத்துக்கே அதுதான் ஊற்றுக்கண் என்றார். தலைநகர வணிகர்கள் கொதித்தெழுந்து மறுப்புகள் எழுதினார்கள்.

அதே ஆண்டில் வெளிவந்த அவரது மற்றொரு சிறு நூல், நாட்டின் இலாபம் எது என்பதைப் பற்றியது. மக்களைத் தமக்கு ஆதாயமான தொழிலைத் தாமே தேர்ந்து செய்ய விட்டால் நாட்டின் செல்வம் தானாகப் பெருகும். மானியத்தாலும் தடையாலும் அவர்களை ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளினால் அது குறையும் என்பது அதன் சாரம். ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1776-இல். கிடேனியஸின் நூல் அதற்கு 11 ஆண்டுகள் முந்தியது. ஆனால் ஸ்வீடிஷ் மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை. சிறிய மொழியில் பிறந்த பெரிய சிந்தனைக்கு நேரும் கதி அது.

கடல் வணிகப் போரில் அவர் தரப்பு வென்றது. கொக்கோலா, ஓலு, வாசா முதலிய நகரங்கள் வெளிநாட்டுடன் நேரடியாக வணிகம் செய்யும் உரிமையை 1765-இல் பெற்றன. தொகுதிக்கு வேண்டியதைப் பெற்றுத் தந்தாயிற்று என்று ஒரு சாதாரண உறுப்பினர் ஊர் திரும்பியிருப்பார். கிடேனியஸ் திரும்பவில்லை. இந்தப் போராட்டத்தில் அவர் கற்ற பாடம் வேறு.

நியாயமற்ற சட்டம் இத்தனை காலம் எப்படி நிலைத்தது? அதனால் யாருக்கு எவ்வளவு இலாபம் என்ற கணக்கு மக்கள் கண்ணில் படாததால்தான் நிலைத்தது. கோப்புகள் பூட்டிக் கிடந்தன. எழுதப்படும் ஒவ்வொரு நூலையும் தணிக்கை அலுவலர் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே அச்சிடலாம். ஒரு சட்டத்தின் மீது எழும் வாதங்களையும் எதிர்வாதங்களையும் நாடு முழுவதும் படிக்க முடிந்தால், தீங்கான சட்டம் நெடுநாள் நிற்காது என்பது அவரது முடிவு. கருத்துகள் வெளிச்சத்தில் மோதினால் உண்மை வெல்லும் என்று அவர் நம்பினார். தார்ப் பீப்பாயின் விலையைத் துருவிக்கொண்டு போனவர், அரசின் பூட்டிய அலமாரியின் முன் வந்து நின்றார்.

எழுத்துரிமைக்கான கோரிக்கை மனுவை அவர் எழுத, அவையில் அது ஆண்டர்ஸ் கிராஃப்ட்மன் என்ற மற்றோர் உறுப்பினரின் பெயரில் அளிக்கப்பட்டது. அதை ஆராய அமைத்த குழுவில் கிடேனியஸ் இடம்பெற்றார். வரைவில் பெரும்பங்கு அவருடையது. எழுத்துச் சுதந்திரம் அரசை வலுப்படுத்தும் என்பதற்குச் சீனாவைச் சான்று காட்டிய ஒரு சிறு நூலையும் அவர் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

சட்டம் இரண்டு பெரிய காரியங்களைச் செய்தது. ஒன்று, சமய நூல்களைத் தவிர மற்றெல்லா எழுத்துக்கும் முன்தணிக்கையை ஒழித்தது. இரண்டாவது அதனினும் புதுமையானது. அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் உள்ள ஆவணங்களைக் குடிமகன் கேட்டுப் பெறலாம், படியெடுக்கலாம், அச்சிடலாம். தணிக்கை ஒழிந்த நாடு அதற்கு முன்பும் இருந்தது; இங்கிலாந்தில் அது 1695-இலேயே ஒழிந்துவிட்டது. ஆனால், எழுதும் உரிமை மட்டும் போதாது, எழுதுவதற்கு வேண்டிய சான்றும் குடிமகன் கையில் இருக்க வேண்டும் என்று உணர்ந்து சட்டமாக்கியதில் ஸ்வீடனே முதல் நாடு.

இந்தச் சட்டம் முடிவாகும் முன்பே கிடேனியஸ் வீழ்ந்தார். வீழ்த்தியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர். சரிந்து கிடந்த பணத்தின் மதிப்பை மறுபடியும் பழைய நிலைக்கு உயர்த்துவது என்று அவரது குல்லாய்க் கட்சி முடிவெடுத்தது. கேட்கப் பெருமையாக இருக்கும் முடிவு. ஆனால், மலிவான பணத்தில் கடன் வாங்கிய உழவனும் சிறு தொழிலாளியும் மதிப்பு மிகுந்த பணத்தில் அதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், வணிகம் முடங்கும். இருக்கிற மதிப்பிலேயே பணத்தை நிலைநிறுத்துங்கள் என்று அவர் 1766-இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அவைகளின் முடிவைப் பொதுவெளியில் குறைகூறினார் என்று குற்றம் சாட்டி, அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவரது சொந்தக் குருமார் அவையும் அவரைக் காக்கவில்லை. பின்னர் நடந்ததோ அவர் எச்சரித்ததுதான். பணம் இறுகியது, தொழில்கள் நொடித்தன, 1769-இல் குல்லாய்க் கட்சி ஆட்சியை இழந்தது.

அவர் நேடர்வேட்டிலுக்குத் திரும்பினார். 1770-இல் கொக்கோலாவின் தலைமைக் குருவானார். 1772-இல் மன்னர் மூன்றாம் குஸ்டாவ் படைபலத்தோடு ஆட்சி அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1774-இல் எழுத்துரிமைச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. பெயர் அதேதான், உள்ளே இருந்த உயிர் பெரும்பாலும் போய்விட்டது. சட்டத்தை ஒழிப்பதாக அரசு ஒருபோதும் அறிவிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவாகச் சுருக்கினாலே போதும் என்பதற்கு இது பழைய சான்று.

கிடேனியஸின் வாழ்வில் எனக்கு உறுத்தலான இடமும் இதுவே. தாம் வரைந்த சட்டத்தைக் குறுக்கிய அதே மன்னரின் ஆதரவோடுதான் 1778-79 நாடாளுமன்றத்தில் அவர் இயங்கினார். இதைச் சமரசம் என்று சொல்வோர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்தேன். ஆனால், அந்த ஆதரவை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்கும்போது என் தீர்ப்பு சற்றே தளர்கிறது.

முதலாவது, வேலையாட்கள். நிலமற்ற ஏழை, ஏதேனும் ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தே தீர வேண்டும். சேராதவன் நாடோடி என்று பிடிக்கப்படுவான். கூலியின் உச்சவரம்பையும் அரசே விதித்தது. இந்தச் சட்டத்தை மேலும் இறுக்கப் பண்ணை முதலாளிகள் முனைந்த வேளையில், 1778-இல், கிடேனியஸ் வேலையாட்களின் இயற்கை உரிமையைப் பற்றி நூல் எழுதினார். ஏழையிடம் இருக்கும் ஒரே சொத்து அவன் உழைப்பு. அதை யாருக்கு, என்ன விலைக்குத் தருவது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டார். குருமாரும் தம் நிலத்தில் ஆள் வைத்து உழுதவர்களே. ஆகவே, இது அவரது சொந்தப் பைக்கும் எதிரான வாதம். கட்டாய ஊழியம் ஸ்வீடனிலிருந்து நீங்க 1885 வரை ஆயிற்று.

இரண்டாவது, சமயம். லூத்தரன் சபையைத் தவிர வேறெந்த வழிபாட்டுக்கும் அந்நாட்டில் இடமில்லாத காலம். குடியேறி வரும் அயல்நாட்டவர் தத்தம் சமயப்படி வழிபடலாம் என்று அவர் முன்மொழிந்தார். குருமார் அவை கொதித்தது. தம்மில் ஒருவரே இப்படிச் செய்தாரே என்ற சினம் அது. மற்ற அவைகளும் மன்னரும் ஏற்றனர். 1781-இல் சமயப் பொறை ஆணை வெளிவந்தது. 1782-இல் யூதர்கள் சில நகரங்களில் குடியேற வழி பிறந்தது. முழுமையான சுதந்திரம் அன்று. ஸ்வீடன் குடிமக்களுக்கு அது 1951-இல்தான் கிடைத்தது. எனினும் கதவின் முதல் தாழ்ப்பாளை நீக்கியது ஒரு பாதிரியாரின் கை.

அவரைக் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. 1766 சட்டம் சமய நூல்களைத் தணிக்கையின்கீழ் விட்டுவைத்தபோது அவரும் அதை ஏற்றார். தம் காலத்தின் எல்லைக்குள் நின்றவர்தான். ஆனால், அந்த எல்லைக்குள் அவர் நடந்த திசை ஒன்றே. வட்டாரத்துக்காக வாதாட வந்தவர் நாட்டுக்காக வாதாடினார். குல்லாய்க் கட்சிக்காரர் அக்கட்சியின் பணக் கொள்கையை எதிர்த்தார். பண்ணை நிலம் உடையவர் வேலையாளுக்காக எழுதினார். லூத்தரன் குரு பிற சமயத்தாருக்காகப் பேசினார். தமக்கு வேண்டியபோது சுதந்திரம் கேட்பவர்கள் எந்த நாட்டிலும் ஏராளம். தம்முடைய கூட்டத்தின் ஆதாயத்துக்கு எதிராகவும் அதைக் கேட்பவர் அரிது. கிடேனியஸை மற்றச் சீர்திருத்தக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இதுவே என்பது என் கருத்து.

1792-இல் யேவ்லே நகரில் கூடிய நாடாளுமன்றத்திலும் அவர் பங்கேற்றார். அதன்பின் கொக்கோலாவிலேயே தங்கி, திருப்பணியும் வேளாண்மையும் எழுத்துமாக வாழ்ந்து, 1803 பிப்ரவரி 1-இல் மறைந்தார். மனைவி பேயாட்டாவுடன் நெடுங்காலம் வாழ்ந்தார்; குழந்தைகள் இல்லை. அவர் மறைந்த ஆறே ஆண்டுகளில், 1809-இல், பின்லாந்து ரஷியாவின் கைக்குப் போயிற்று. அதே காலத்தில் ஸ்வீடன் புதிய அரசமைப்பை இயற்றி எழுத்துரிமையையும் ஆவணங்களைக் காணும் உரிமையையும் மீட்டது. இன்றும் அது அந்நாட்டின் நான்கு அடிப்படைச் சட்டங்களில் ஒன்று. பின்லாந்து 1986-இல் தன் ஆயிரம் மார்க் பணத்தாளில் கிடேனியஸின் உருவத்தை அச்சிட்டது. பணத்தைப் பற்றி எழுதியதற்காகப் பதவி இழந்தவரின் முகம் பணத்திலேயே ஏறியது.

நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-இல், தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 2005 சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதற்கான இடத்தை அகலமாக்கியது. தனிநபரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், எந்தப் போர்வையின்கீழ் எந்தக் கணக்கு மறைகிறது என்று கேட்பதும் குடிமகனின் கடமை. 1774-இல் ஸ்வீடனில் பெயர் மாறாமலே ஒரு சட்டம் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

தகவல் கேட்டு மனு எழுதும் எளிய மனிதரைத் தொல்லைக்காரர் என்று முகம் சுளிப்போர் நம் அலுவலகங்களில் இன்றும் உண்டு. ஒரு தார்ப் பீப்பாய்க்கு ஏன் இந்த விலை என்று கேட்ட சிற்றூர்ப் பாதிரியாரையும் ஸ்டாக்ஹோம் வணிகர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்த வணிகர்களின் பெயர்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கேள்வி கேட்டவரின் பெயர் நிற்கிறது. அவர் தொடங்கிவைத்த உரிமையோ, அவர் கேள்விப்பட்டிராத நாடுகளிலும் கிராமங்களிலும், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிய மனுவாக, அலுவலக வாசலில் காத்து நிற்கிறது.